ஓரம் அடித்த வெள்ளைத் துணி

கொத்தனாரின் மனைவியை வேலையிடத்தில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கலவைக்காரி என்றால்தான் தெரியும். சிமெண்டும் மணலும் எந்தப் பதத்தில் சேர வேண்டும் என்பது அவள் கைக்குத் தெரியும். மண்வெட்டியால் இரண்டு புரட்டுப் புரட்டிவிட்டு, "இன்னும் ஒரு குவளை" என்பாள். ஊற்றினால் சரியாக இருக்கும். புருஷனும் சுவர் எழுப்புவதில் கெட்டிக்காரர்தான். ஆனாலும் கூட வேலை செய்கிறவர்கள், "வெடிப்பு விடலைன்னா அது பொண்டாட்டி கலவை, விட்டுச்சுன்னா அது புருஷன் கட்டு" என்று அவரைச் சீண்டுவார்கள். அவரும் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு சிரிப்பார். ஊரார் வீட்டையெல்லாம் கட்டிக்கொடுத்த இருவரும் தங்களுக்கென்று கட்டிக்கொண்டது ஓர் அறையும் ஒரு சமையல்கட்டும்தான். அதுவும் பழைய கிடங்குக்குப் பின்னால், வேறு யாரும் வேண்டாமென்று விட்டுவைத்த நிலத்தில்.

ஏன் வேண்டாமென்று விட்டார்கள் என அவர்கள் கேட்டுக்கொள்ளவில்லை. இருவரும் இந்த ஊருக்குப் பிழைக்க வந்தவர்கள். முன்பொரு காலத்தில் ஊரில் கலவரம் நடந்ததும், அந்தக் கிடங்கில் படை தங்கியிருந்ததும் அரைகுறையாகக் காதில் விழுந்திருந்தது. காலிக் கிடங்கென்றால் யாராவது தங்கத்தான் செய்வார்கள் என்று அதை அப்படியே விட்டுவிட்டார்கள். ஊர்க்காரர்களும் அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை. பயம் போய்விட்டாலும் பயந்து பழகிய வாய் சுலபத்தில் திறப்பதில்லை.

மருமகன் வேலை பார்த்த ஆலையை மூடிவிட்டார்கள். மகளும் மருமகனும் பேத்தியோடு இங்கேயே வந்துவிடுவதாகச் சொன்னார்கள். கலவைக்காரிக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. மருமகனுக்கு வேலை போனதற்குச் சந்தோஷப்படக் கூடாதென்று தன்னைத்தானே அதட்டிக்கொண்டாள். பின்பக்கம் ஓர் அறை எழுப்பிவிடலாம் என்று முடிவானது. மழைக்காலம் தலைக்கு மேல் நின்றது. கூலிக்கு ஆள் வைக்காமல் இருவருமே கடைக்கால் தோண்ட ஆரம்பித்தார்கள். அவர் கடப்பாரையால் குத்திக் கிளற, அவள் மண்ணை வாரிக் கூடையில் போட்டு வெளியே கொட்டினாள். நடுவில் ஒரு டீ, ஒரு துண்டு ரொட்டி, பிறகு மறுபடியும் குழிக்குள்.

தூறல் போட்டுக்கொண்டிருந்த ஒரு காலையில் அவள் கை நின்றது.

"என்னங்க, குத்தாதீங்க."

"என்ன, தண்ணி ஊறுதா?"

"இல்லீங்க. வேர் மாதிரி இருக்கு. ஆனா வேர் இல்ல."

அவர் குனிந்து கையால் மண்ணை விலக்கினார். பழுப்பேறிய ஓர் எலும்பு. ஆட்டெலும்பாக இருக்கும் என்று சொல்ல வாயெடுத்தவர், அடுத்த பிடி மண்ணை விலக்கியதும் கையை எடுத்துக்கொண்டார். வளைந்த விலா எலும்புகளும் அதன்மேல் ஒட்டிக்கிடந்த ஏதோ துணியும் தெரிந்தன. இருவரும் குழிக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

"போலீசுல சொல்லணுமாங்க?" என்றாள்.

"சொன்னா என்ன நடக்கும்னு எனக்குத் தெரியாதா? பாலத்து வேலையில இப்படித்தான் ஒண்ணு கெடச்சுது. மேஸ்திரி நல்ல மனுஷன், போய்ச் சொன்னாரு. சுத்திக் கயிறு கட்டிட்டுப் போனவனுங்க அப்புறம் அந்தப் பக்கம் தலைவெச்சுப் படுக்கல. வேலை நின்னு போச்சு. அவரை மட்டும் நீயா நீயான்னு வாரா வாரம் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டானுங்க."

"அப்ப என்ன பண்றது?"

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "மூடிட்டு மேல தளம் போட்டுட வேண்டியதுதான்" என்றார். அதை மனதாரச் சொல்லவில்லை. யாராவது மறுத்தால் தேவலை என்பதுபோல் சொன்னார்.

"நல்லா இருக்கே! நம்ம பேத்தி படுத்துத் தூங்குற எடத்துக்கு அடியிலயா? யாரு பெத்த புள்ளையோ, ஒரு கை தண்ணி ஊத்தக்கூட ஆளில்லாம இப்படிக் கெடக்கு. கண்ணுல பட்டுடுச்சுல்ல, இனிமே நம்ம பொறுப்பு. குளிப்பாட்டி, முறையா எரிச்சு, ஆத்துல விட்டுடுவோம்."

எரிப்பதா புதைப்பதா என்று அவர்கள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. யோசித்திருக்கலாம். அந்தத் தெருவில் பாதிப் பேர் புதைக்கிறவர்கள் என்பது அவர்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் அவர்களுடைய ஆட்கள் எரிப்பவர்கள். தீயில் வைத்தால்தான் ஒருவனை ஒழுங்காக அனுப்பிவைத்ததாக அர்த்தம். மண்ணுக்குள் கிடப்பதென்றால் கேட்பாரற்றுக் கிடப்பது. தன் பிள்ளைக்கு எதைச் செய்வோமோ அதை ஊரான் பிள்ளைக்கும் செய்வோம் என்று நினைத்தார்கள். தப்பு அந்த நல்ல மனதுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது.

பழைய துணியில் கட்டக் கூடாதென்று அவள் தையலக்காவிடம் போனாள். தையலக்கா வீடு தெருவின் திருப்பத்தில் இருந்தது. புருஷன் இல்லை. ஒரே மகன், எங்கேயோ போனவன் திரும்பி வரவில்லை என்று கேள்வி. வெளியூரில் வேலை கிடைத்ததும் பெற்றவளை மறந்துபோன பிள்ளைகளில் ஒருவன் என்று கலவைக்காரி நினைத்திருந்தாள். அதைப் பற்றித் தோண்டிக் கேட்பது நாகரிகமில்லை என்று கேட்டதும் இல்லை.

"அக்கா, வெள்ளைத் துணி புதுசா இருந்தா ரெண்டு மீட்டர் குடுங்க."

"எதுக்குடீ?"

"புது ரூமுக்கு ஜன்னல் திரை போடலாம்னு."

"இன்னும் கடக்காலே எழும்பல, அதுக்குள்ள திரையா? அதுவும் வெள்ளையில? சிமெண்டு கையோட ரெண்டு தடவ தொட்டா அழுக்கேறிடும். பூப்போட்டது இருக்கு, எடுத்துக்க."

"வெள்ளையே இருக்கட்டும்க்கா."

"பிடிவாதக்காரி. சரி உக்காரு, ஓரம் அடிச்சுத் தர்றேன். ஓரம் அடிக்காத துணி பிரிஞ்சு பிரிஞ்சு வரும்."

"வேண்டாம்க்கா, அப்படியே குடுங்க."

"என் கையிலேருந்து ஓரம் அடிக்காம ஒரு துணி வெளிய போனதில்ல." மிஷினை மிதித்து நான்கு பக்கமும் மடித்துத் தைத்துக் கொடுத்தாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். அதைப் பார்த்துக்கொண்டு கலவைக்காரி சும்மா உட்கார்ந்திருந்தாள்.

வீட்டுக்கு வந்து வெந்நீர் போட்டாள். கொத்தனார் எலும்புகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தர, பின்பக்கம் தகரம் மறைத்த இடத்தில் வாளியை வைத்துக்கொண்டு கழுவினாள். இறந்தவர்களைக் குளிப்பாட்டும்போது உற்றுப் பார்க்கக் கூடாது, கண்ணைத் தாழ்த்திக்கொண்டுதான் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பது அவள் அம்மா சொல்லிக்கொடுத்த முறை. மறுப்புச் சொல்ல முடியாத உடம்பைப் பார்ப்பது மரியாதை இல்லை என்பாள் அம்மா. அந்தப்படியே, கையால் மட்டும் தடவித் தடவிச் சேற்றைப் போக்கினாள். ஒட்டிக்கிடந்த துணியை, பார்க்காமலே பிய்த்துக் குழியின் மூலையில் போட்டாள். மறுநாள் கொத்தனார் அதன்மேல் செங்கல் ஜல்லியைக் கொட்டித் திமிசுக் கட்டையால் இடித்து இறுக்கினார்.

சுடுகாட்டுக்காரர் தெரிந்தவர். அங்கே மேடை இடிந்தபோது கொத்தனார்தான் பூசிக்கொடுத்தார். வெள்ளைத் துணியில் கட்டிய மூட்டையை வாங்கிக்கொண்டு, எரிந்துகொண்டிருந்த ஒரு சிதையின் ஓரத்தில் வைத்துவிட்டு ஒன்றும் கேட்காமல் பீடிக்குத் தீப்பெட்டி கேட்டார். சாம்பலை அள்ளி, மழைத் தண்ணீர் இரண்டு கரையும் தொட்டு ஓடிய ஆற்றில் விட்டார்கள். வரும் வழியில் கலவைக்காரிக்கு மனசு லேசாக இருந்தது. ஒரு நல்ல காரியம் செய்த களைப்போடு அன்றைக்கு நன்றாகத் தூங்கினாள். பிற்பாடு அந்தத் தூக்கத்தை நினைத்தபோதெல்லாம் அவளுக்கு அவமானமாக இருந்தது.

அறை எழும்பியது. தளமும் போட்டாயிற்று. பூச்சு ஈரம் காயாமல் இருந்தது. அந்தச் சமயத்தில்தான் காணாமல் போனவர்களைத் தேடும் அலுவலகத்திலிருந்து ஆட்கள் வந்து பள்ளிக்கூடக் கூடத்தில் இறங்கினார்கள். ஆட்சி மாறிச் சட்டம் மாறியிருந்தது. கலவர காலத்தில் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்களின் சொந்தக்காரர்கள் வந்து ஒரு சொட்டு ரத்தம் கொடுத்தால் போதும், எங்கே எலும்பு கிடைத்தாலும் யாருடையதென்று கண்டுபிடித்துவிடலாம் என்று தெருத் தெருவாகச் சொல்லிக்கொண்டு போனார்கள்.

தையலக்கா வந்து கதவைத் தட்டினாள். "தனியாப் போக ஒரு மாதிரியா இருக்கு. கூட வர்றியா?"

"நீங்க எதுக்குக்கா?"

"என்னடீ கேக்குறே? எம்புள்ளைக்குத்தான்."

வெளியூரில் பிழைக்கப் போனவன் இல்லை என்று கலவைக்காரிக்கு அப்போதுதான் தெரிந்தது. கதவைச் சாத்திக்கொண்டு கூடப் போனாள்.

கூடம் நிரம்பி வழிந்தது. இத்தனை வருஷம் சந்தையிலும் தண்ணீர்க் குழாயிலும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த முகங்கள் எல்லாம் அங்கே வரிசையில் உட்கார்ந்திருந்தன. எலும்புகளை ஆராயும் டாக்டரம்மா ஒருத்தி, சின்ன வயதுக்காரிதான், எழுந்து நின்று பேசினாள். பணிவாகத்தான் பேசினாள்.

"தோண்டுறப்போ எலும்பு கண்ணுல பட்டா தயவுசெஞ்சு தொடாதீங்க. எடுக்காதீங்க, கழுவாதீங்க, எரிக்காதீங்க. மண்ணைக்கூடத் தள்ளாதீங்க. அப்படியே விட்டுட்டு எங்களுக்குச் சொல்லுங்க. அவங்க எப்படிக் கெடக்குறாங்களோ அப்படியே நாங்க பாக்கணும். அதுதான் அவங்க சாட்சி. மறைச்சா அது குத்தம், சட்டத்துல தண்டனை உண்டு."

கழுவாதீங்க, எரிக்காதீங்க. வேறு எதுவும் கலவைக்காரி காதில் ஏறவில்லை.

திரும்பி வரும்போது தையலக்கா ஊசி குத்திய விரலில் பஞ்சை அழுத்திக்கொண்டே நடந்தாள். இத்தனை வருஷம் பேசாததை எல்லாம் அந்தத் தெரு முடிவதற்குள் பேசிவிட வேண்டும் என்பதுபோல் பேசினாள்.

"நான் தெச்ச சட்டையைத்தான் போட்டுட்டுப் போனான். உள்பக்கம் ஒரு பை வெச்சுத் தெச்சிருந்தேன், பஸ்ஸுல எவனும் ஜேப்படி அடிக்காம இருக்கட்டும்னு. அந்தக் கிடங்கு வாசல்ல வண்டியைவிட்டு எறக்குனதைப் பாத்தவங்க இருக்காங்க. அதுக்கப்புறம் யாரும் பாக்கல. நான் போய்க் கேட்டேன். அப்படி யாரும் இங்க வரலன்னுட்டான்."

"அக்கா..."

"எங்க வீட்டுக்காரரைப் புதைச்ச எடத்துக்குப் பக்கத்துல ஒரு ஆளுக்கு எடம் விட்டு வெச்சிருக்கேன். எனக்குன்னுதான் எல்லாரும் நெனைக்கிறாங்க. அது அவனுக்கு. உசுரோட வருவான்னு நம்புற அளவுக்கு நான் பைத்தியமில்ல. ஒரு விரல் எலும்பு குடுத்தாக்கூடப் போதும்டீ. அப்பன் பக்கத்துல மண்ணுல வெச்சுட்டா, போய் உக்காந்து அழுறதுக்கு ஒரு எடம் இருக்கும்."

வீட்டுக்கு வந்ததும் கலவைக்காரி அடுப்பைக்கூடப் பற்றவைக்கவில்லை. கொத்தனார் கைகால் கழுவிக்கொண்டு வந்தவர், அவள் முகத்தைப் பார்த்ததும் எல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

"அது அவங்க புள்ளதான்னு என்ன நிச்சயம்? எத்தனையோ பேரைக் கொண்டுவந்திருப்பானுங்க."

"இல்லைன்னு என்ன நிச்சயம்?"

"அந்த நிச்சயத்தத்தான் நாம எரிச்சுட்டோமே. இப்பப் போய்ச் சொல்லி என்ன பிரயோஜனம்? அந்தம்மாவுக்கு இருக்கிற நம்பிக்கையும் போகும். நம்மளத் தூக்கி உள்ள வெப்பான். பொண்ணு வர்ற நேரம். வாயை மூடிட்டு இரு. நாம என்ன கொலையா பண்ணினோம்? செத்தவனுக்கு மரியாதைதானே பண்ணினோம்?"

"அதாங்க எனக்குத் தாங்கல. கெட்டதுன்னு தெரிஞ்சு பண்ணியிருந்தா அழுதுட்டுப் போயிடலாம்."

அவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு வாசலில் போய் உட்கார்ந்தார். அன்றைக்கு வீட்டில் சோறு பொங்கவில்லை. அதற்கப்புறம் அவள் தெருத் திருப்பத்தைச் சுற்றிக்கொண்டு போக ஆரம்பித்தாள். மிஷின் சத்தம் காதில் விழுந்தால் நடையை மாற்றினாள். வேலையில் ஒருநாள் கலவை நீர்த்துப் போய்விட்டது. யாரும் கிண்டல் செய்யவில்லை, அவளுக்கு உடம்புக்கு முடியவில்லை என்று நினைத்துக்கொண்டார்கள்.

தையலக்காவா விடுவாள்? இவள் போகாவிட்டால் அவள் வந்தாள். கழுத்தில் அளவு நாடாவோடு ஒரு மத்தியானம் நேராகப் புது அறைக்குள் நுழைந்தாள்.

"என்னடீ ஆளையே காணோம்? பொண்ணு எப்ப வருது? அறை நல்லா வெளிச்சமா இருக்கே." ஜன்னலைப் பார்த்தாள். "எங்க திரை?"

கலவைக்காரி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அந்த வெள்ளைத் துணியை வேற எதுக்கோ கிழிச்சுப் போட்டுட்டே, அதானே? எனக்குத் தெரியும். தள்ளு, அளவெடுக்குறேன். பேத்தி வர்ற ரூமு, பூப்போட்டதுல நானே ஒண்ணு தெச்சுத் தர்றேன்." நாடாவை ஜன்னல் கட்டையில் வைத்து இழுத்தாள்.

"அக்கா, அதை விடுங்க. இப்படி வந்து உக்காருங்க."

"என்ன விஷயம்?"

சொன்னாள். குழி தோண்டியது, கழுவியது, கட்டியது, எரித்தது, ஆற்றில் விட்டது எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். இடையில் ஓரிடத்திலும் அழவில்லை. அழுதால் தன்னைத் தேற்றும் வேலையும் தையலக்கா தலையில் விழும் என்று பயந்து அடக்கிக்கொண்டாள். தையலக்கா ஜன்னலடியில் தரையில் உட்கார்ந்தாள். நாடா அவள் மடியில் சுருண்டு கிடந்தது.

"ஒசரமான ஆளா?" என்றாள்.

"தெரியலக்கா."

"முன்பல்லு ஒண்ணு மூளியா இருக்கும். சைக்கிள்ல விழுந்தான்."

"பாக்கலக்கா."

"சட்டையில உள்பை?"

"பாக்கலக்கா. பாக்கக் கூடாதுன்னு பாக்கல. எங்கம்மா அப்படித்தான் சொல்லிக்குடுத்தா. அது மரியாதைன்னு நெனச்சேன்."

"அத்தனையையும் கையில எடுத்திருக்கே. ஒண்ணையும் பாக்கல." தையலக்காவின் குரல் உயரவில்லை. "நானும் ஓரம் அடிச்சுக் குடுத்திருக்கேன். எதுக்குன்னு சரியாக் கேக்கல."

"அக்கா, எங்க வழக்கத்துல எரிக்கிறதுதான்..."

"ஒங்க வழக்கம்! எங்க வழக்கத்துல ஒடம்புக்குத் தீ வெக்கிறதுன்னா அது தண்டனைடீ. அவனைப் பிடிச்சிட்டுப் போனவனுங்ககூட மண்ணுலதான் போட்டிருக்கானுங்க."

கலவைக்காரி அப்போதுதான் அழுதாள். தையலக்கா அவளைத் தேற்றவில்லை.

"அவனா இருந்தா எரிச்சுட்டே. சரி. அவன் இல்லைன்னா? வேற எவளோ ஒருத்தி ரத்தம் குடுத்துட்டு வந்து வாசலைப் பாத்து உக்காந்திருப்பா. அவளுக்கு யாரு போய்ச் சொல்றது?" என்றாள். பிறகு கையை ஊன்றிக் கொஞ்சம் கொஞ்சமாக எழுந்தாள். "அந்தத் துணி எங்க?"

"இந்தத் தளத்துக்கு அடியில. அந்த மூலையில."

வாசலில் நிழல் விழுந்தது. கொத்தனார் எப்போது வந்தாரென்று தெரியவில்லை. எல்லாவற்றையும் கேட்டிருந்தார். போய்க் கடப்பாரையை எடுத்துக்கொண்டு வந்தார்.

"வேண்டாம்," என்றாள் தையலக்கா. "நீங்க தொட்டது போதும். அவங்க வரட்டும்."

மறுநாள் கொத்தனாரே போய்ச் சொல்லிவிட்டு வந்தார். அலுவலக ஆட்களும் போலீசாரும் வந்தார்கள். வழக்கு உண்டு, கூப்பிடும்போது வர வேண்டும் என்றார்கள். சரி என்று தலையாட்டினார். பாலத்து மேஸ்திரியைப் பற்றி அவர் சொன்னதெல்லாம் அப்படியே தன் தலையில் வந்து விடிந்தபோது, ஏனோ முன்பிருந்த பயம் இல்லை. அறையைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள். மகளுக்குச் செய்தி சொல்லி அனுப்பியாயிற்று, இப்போதைக்கு வர வேண்டாம் என்று. பேத்தி போனில், "எனக்கு ரூம் ரெடியா?" என்று கேட்டதற்கு இன்னும் ஈரம் காயவில்லை என்று கலவைக்காரி பொய் சொன்னாள்.

தளத்தை உடைத்தார்கள். அலுவலக ஆட்களுக்குக் கொத்து வேலை தெரியாது; கண்ட இடத்தில் அடித்தார்கள். தளம் லேசில் விடவில்லை. கலவை அவ்வளவு பதமாக இருந்தது. கொத்தனார் வெளியே நின்று ஒவ்வோர் அடிக்கும் கண்ணை மூடித் திறந்தார். ஜல்லியை அள்ளிய பிறகு டாக்டரம்மா மண்டியிட்டு, சின்னத் தூரிகையால் மண்ணைத் தள்ளித் தள்ளித் தேடினாள். அவள் பார்த்த பார்வையைக் கலவைக்காரி பார்த்துக்கொண்டே இருந்தாள். டாக்டரம்மா கண்ணைத் தாழ்த்தவே இல்லை. ஒரு மணல் பருக்கையைக்கூட விடாமல் பார்த்தாள். இதுவும் மரியாதைதான் என்று கலவைக்காரிக்கு அப்போது புரிந்தது. புரிந்து யாருக்கு என்ன லாபம்?

கிடைத்தது, இடிபட்டு மண்ணோடு மண்ணான கொஞ்சம் துணி. உள்பை இருந்ததா, வெளிப்பை இருந்ததா, ஒன்றும் சொல்ல வராது. கூடவே ஒரு பொத்தான்.

"ஆய்வுக்கு அனுப்புறேம்மா," என்றாள் டாக்டரம்மா. "ஆனா பெருசா எதிர்பாக்காதீங்க. ஒரே ஒரு பல்லு இருந்திருந்தாப் போதும்."

தையலக்காவிடம் பொத்தானைக் காட்டினார்கள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். வெள்ளையில் நான்கு ஓட்டை வைத்த பொத்தான். அவள் மிஷின் மேலே டப்பாவில் அதே மாதிரி ஒரு கை நிறையக் கிடக்கிறது. ஊரில் பாதிச் சட்டைகளில் அதுதான் இருக்கிறது.

"சொல்ல முடியலம்மா," என்றாள்.

ஆட்கள் சாமான்களைக் கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். கயிறு மட்டும் கட்டியபடியே இருந்தது. கலவைக்காரி சுவரோரம் நின்றிருந்தாள். தையலக்கா அவளைப் பார்க்காமலே கடந்து வாசல்வரை போனாள். அங்கே நின்றாள். திரும்பவில்லை.

"எந்தத் தண்ணியில கழுவினே?"

"என்னக்கா?"

"வெந்நீரா, பச்சைத் தண்ணியா?"

"வெந்நீர்தான்க்கா. கை பொறுக்கிற சூட்டுல."

தையலக்கா தலையை மட்டும் அசைத்தாள். கழுத்திலிருந்த நாடாவை இழுத்துக் கையில் சுற்றிக்கொண்டாள்.

"அவனுக்குப் பச்சைத் தண்ணி ஆகாது," என்றாள்.

பிறகு தெருவில் இறங்கி நடந்தாள். அன்றைக்குச் சாயங்காலம் மிஷின் சத்தம் கேட்கவில்லை.